சேமிக்காமல் விட்ட படம்

கிர்கிஸ்தானில், கரகோல் ஊர்க் கடைத்தெருவில் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், தேர்தல், சாவு என்று எல்லாவற்றுக்கும் படம் அடித்துக் கொடுப்பேன். கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது திருட்டு விண்டோஸ். வைரஸ் வந்து அடிக்கடி படுத்துக்கொள்ளும். அப்போது என்னிடம் வேலை பார்த்த உர்மாட் ஒருநாள் வெறுத்துப்போய் அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டான்.

நான் பழகியிருந்த டிசைன் சாஃப்ட்வேரோ விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்காக 'வைன்' என்று ஒன்றை நடுவில் வைத்தான். சாஃப்ட்வேர் எதைக் கேட்டாலும் விண்டோஸ் சொல்வதைப் போலவே வைன் பதில் சொல்லுமாம். சாஃப்ட்வேரும் விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று நம்பி வேலை செய்யுமாம்.

"கடையில வைன் வெச்சிருக்கீங்களாமே, எனக்கு ஒரு கிளாஸ்கூட ஊத்தலையே" என்பார் அவன் அப்பா சத்தார்குல், பார்க்கும்போதெல்லாம். அதே ஜோக்கை எத்தனை தடவைதான் கேட்பது? எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு உர்மாட் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். சாஃப்ட்வேர் மக்கர் செய்தால் அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக என் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்து கொடுப்பான்.

போன வசந்தத்தில் ஒரு காலை சத்தார்குல் இறந்துபோனார். அவருடைய அண்ணன் ஜுமாஷ் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு கடைக்கு வந்தார்.

"அவனைக் கிடத்த முற்றத்துல கூடாரம் போடறாங்க ஜிபார். அதோட வாசல்ல வெக்கணும், பெருசா போட்டுக் குடு. பையன்கிட்ட அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்னுதான் சொல்லியிருக்கோம். கிளம்பிட்டான். நீ பாட்டுக்கு எதையாவது உளறி வெக்காத."

"எனக்குத் தெரியாதா பெரியப்பா."

வெளியூரில் இருப்பவனிடம் சாவைப் போனில் சொல்வது எங்களில் வழக்கமில்லை. அவன் வந்து சேர்ந்ததும் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். தனியாக இருக்கும்போது கேட்கக்கூடாத சேதி அது.

முகத்தைப் பெரிதாக்கி, கீழே பிறந்த, இறந்த வருடங்களைப் போட்டு, மூலையில் கறுப்பு ரிப்பன் வைத்தேன். சேமிப்பதற்குள் சாஃப்ட்வேர் மறைந்துவிட்டது. எத்தனை முறை தட்டியும் திறக்கவில்லை. ஊரில் வேறு யாருக்கும் இதைச் சரிசெய்யத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து உர்மாட்டிடமிருந்து போன்.

"அக்கா, ஏர்போர்ட்ல இருக்கேன். வீட்ல யாருமே சரியா பேச மாட்டேங்கறாங்க. நீங்க அப்பாவப் பார்த்தீங்களா?"

"ம்."

"எப்படி இருக்கார்?"

பேச்சை மாற்றினால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அதை விடுடா. இங்க சாஃப்ட்வேர் வேற படுத்துக்கிச்சு."

"லேப்டாப் கையிலதான் இருக்கு. இருங்க, உள்ள வரேன்."

"நீ இருக்கற நிலைமையில இதெல்லாம் எதுக்கு? வேணாம்."

"சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்க்கா. விடுங்க."

என்ன காரணம் சொல்லித் தடுப்பது? திரையில் இருந்த பாஸ்போர்ட் படத்தை அவசரமாக வேறெங்கோ ஒளித்தேன். எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாக நினைத்தேன். மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. அவன் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதேதோ கட்டளைகளைத் தட்டினான். சாஃப்ட்வேர் திறந்தது. கூடவே ஒரு சின்னக் கேள்வியும் வந்தது: சேமிக்காமல் விட்ட படத்தை மீட்கவா?

அதை நான் மறந்தே போயிருந்தேன். கை பிளக்குக்குப் போனது. வாடிக்கையாளர் வேலை ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பவன் அவன். நான் பிடுங்குவதற்குள் 'ஆம்' என்று அழுத்திவிட்டான்.

வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு சத்தார்குல் திரை முழுக்க வந்தார். கீழே இரண்டு வருடங்கள். மூலையில் ரிப்பன்.

அம்பு அசையவில்லை. போனில் விமான நிலையத்தின் அறிவிப்புகள் மட்டும் கேட்டன. "உர்மாட்" என்றேன். என் வாயை அப்படியே தைத்துவிடலாம் போலிருந்தது. ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், தோளில் வைக்க ஒரு கை இல்லை. அதை நான்தான் செய்தேன்.

வெகுநேரம் கழித்து அம்பு நகர்ந்தது. மங்கலாக இருந்த தொப்பியை வெளுப்பாக்கினான். சாய்ந்திருந்த ரிப்பனை நேராக்கினான். சேமித்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"கறுப்பக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கேன். இல்லேன்னா பிரிண்ட்ல முகம் இருட்டடிக்கும்." ஃபைலை மூடினான். "எனக்குத் தெரியும்னு பெரியப்பாகிட்ட சொல்லிராதீங்க. அவங்களே உக்கார வெச்சு சொல்லட்டும்."

மறுநாள் அவனை நேராக வீட்டுக்கு விடவில்லை. பக்கத்து வீட்டில் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசலோரம் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜுமாஷ் ஒரு கையை அவன் தோளில் வைத்து, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். அவன் கடைசிவரை கேட்டான்.

"எப்போ பெரியப்பா?" என்றான்.

"நேத்து காலையில."

அதன்பிறகுதான் அழுதான். தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதான். அதில் ஒரு துளி நடிப்பு இல்லை. ஜுமாஷ் அவன் தோளை இறுகப் பிடித்திருந்தார். மாஸ்கோவிலிருந்து இங்கே வரும்வரை அவன் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.