கம்பம் எண் 214

கம்பத்தைக் காணோம் என்று எங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நூற்றுப் பதினோராவது கிலோமீட்டர், சாலையின் இடதுபுறம், கம்பம் எண் 214. எங்கள் பட்டியலில் இருக்கிறது, தரையில் இல்லை. சாலையை அகலப்படுத்தும் கம்பெனியின் சூப்பர்வைசர் அதைக் கமுக்கமாகக் கழற்றி இரும்புக்கடையில் போட்டுவிட்டார் என்று மேலிடம் முடிவே கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கம்பம் எங்கே போனது என்று தெரியாவிட்டால் அந்த மனிதருக்கு வேலை போய்விடும்.

எனக்குப் பட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது என் அப்பாவின் பஞ்சர் கடை வாசல். அந்தக் கம்பம் என் அப்பா.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேன் கூரையில் ஒரு ஸ்கேனர் சுழன்றுகொண்டே இருக்கும். வேன் ஓட ஓட அதன் லேசர் சாலை, மரம், சுவர் என்று எதிரே பட்டதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக அள்ளிவரும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அதைப் பிரிக்கும்: இது தரை, இது சுவர், இது கம்பம். நடமாடும் மனிதர்கள் புகை மாதிரி இழுபட்டு விழுவார்கள். அவர்களை அழுக்கு என்று துடைத்துவிடுவோம். துடைப்பது என் பொறுப்பு.

போன வருடம் வேன் அந்தப் பக்கம் போக இருந்ததற்கு முதல் நாள் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நம்ம கடை வழியா வரோம். வாசல்ல வந்து நில்லுங்க. ஆனா அசையக் கூடாது."

"போட்டோவுக்கே நிக்காதவன் நான். எவ்ளோ நேரம்?"

"வேன் தாண்டற வரைக்கும்தான்."

"சரி, பாப்பா கேட்டா நிக்கத்தானே வேணும்."

பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு. கடைக்கு வரும் லாரிக்காரர்கள் முன்னாலும் பாப்பாதான். மானத்தை வாங்குகிறாரே என்று எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது யாராவது தெருவில் எந்தக் குழந்தையை அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

காலில் சக்கரம் கட்டிய மனுஷன் அவர். என் கல்யாண ஆல்பத்தில் அவர் நேராகப் பார்க்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றில் தோள் மட்டும், ஒன்றில் முதுகு. மண்டப வாசலில் நின்ற யாருடைய காருக்கோ காற்றுக் குறைந்திருந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் தேடிக்கொண்டிருக்க, பட்டுச்சட்டையோடு பம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் அன்று நின்றார். டயர் கழற்றும் நீளக் கம்பியைத் துப்பாக்கி மாதிரித் தோளோடு நிமிர்த்திப் பிடித்து, மோவாயைத் தூக்கி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். டிரைவர் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்கப்பா நமக்கு அணிவகுப்பு மரியாதை குடுக்கறாரும்மா!" என்றார். ஸ்கேன் நடக்கும்போது வேனை நிறுத்த முடியாது. நான் கை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. அசையக் கூடாது என்று சொன்னது நான்தானே.

ஒரு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் அவரைக் கம்பம் எண் 214 என்று பட்டியலில் சேர்த்திருந்தது. உடனே போன் செய்து சொன்னேன்.

"பல்பு எரியுதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நாளைக்குத் துடைக்கலாம் என்று விட்டுவைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், பாதி ஒட்டிய டியூபைக் கையில் வைத்தபடி அப்பா கடையிலேயே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோதும் கோப்பு என் மேஜையில்தான் இருந்தது. மறந்துபோய் விட்டேன் என்று மேனேஜரிடம் பின்னால் சொன்னது பொய். துடைக்கக் கை வரவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

புதன்கிழமை அந்த சூப்பர்வைசரே நேரில் வந்துவிட்டார். கையில் காலி இடத்தின் படங்கள். கடையும் இடிபட்டு வெறும் ஜல்லி.

"மேடம், பதினாறு வருஷ சர்வீஸ். ஒரு நட்டு போல்ட்டு கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. பொண்ணு கேக்கறா, திருடினியாப்பான்னு."

எனக்கு முகம் எரிந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நெருங்கி வந்து பார்த்தார்.

"இவரா? என் வண்டிக்கு இவர்தான் பஞ்சர் போடுவாரு. ஒரு இடத்துல நின்னு நான் பாத்ததே இல்லையே!"

திருத்தும் படிவத்தில் மூன்று விடைகள்தான் உண்டு. இடம் மாற்றப்பட்டது. அகற்றப்பட்டது. அங்கே இருந்ததில்லை. முதல் இரண்டில் எதைத் தொட்டாலும் பழி சூப்பர்வைசர் தலையில்தான் விழும்.

"ஒரு கிளிக்குதானேம்மா, அதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?" என்றார், பக்கத்தில் வந்து நின்ற மேனேஜர்.

அப்பாவின் புள்ளிகளை ஒரு படமாக எடுத்து போனில் வைத்திருக்கிறேன். அதனால் அவர் தொலைந்துவிடுவார் என்ற பயம் இல்லை. வாழ்நாளில் எனக்காக ஒரே ஒரு தடவை ஓரிடத்தில் நின்ற மனுஷனை, அங்கே இருந்ததில்லை என்று என் கையாலேயே எழுதித் தர வேண்டுமே, அதற்குத்தான் அந்த யோசனை. மூன்றாவதைத் தொட்டேன். புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

உடனே திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. அப்பாவுக்குப் பின்னாலிருந்த கடைச் சுவரில் ஒரு ஓட்டை. லேசர் அவரைத் துளைத்துப் போகவில்லை. அதனால் அவர் மறைத்த இடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கம்பம் இருந்தவரை அது கம்பத்தின் நிழல் என்று கணக்கில் போய்விட்டது. இப்போது தலை, தோள், கொஞ்சம் வளைந்த இடது கால் என்று, கறுப்பாக, ஆளுயரத்துக்கு, அப்பா நின்ற அளவுக்குச் சுவர் இல்லை. காரணம் எழுதாமல் கோப்பை மூட முடியாது.

வழக்கமாக 'வாகனம் மறைத்தது' என்று போடுவோம். நான் எழுதினேன்: 'ஸ்கேன் நடந்தபோது இந்த இடத்தில் ஒருவர் நின்றிருந்தார்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு எழுத்தையும் மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.