வலது மணிக்கட்டு

டிரைவர் கருத்தப்பாண்டிக்கு அந்த ஆடி பிறந்ததிலிருந்து ஒரே கனவு. பஸ்ஸில் ஏறி உட்காருகிறார், ஸ்டார்ட்டர் சுவிட்சைக் காலால் ஒரு மிதி மிதிக்கிறார், என்ஜின் எழும்பிவிடுகிறது. பஸ்ஸும் தரையை விட்டெழும்பி, கோமதியம்மன் கோவில் கோபுரத்தை மெல்லச் சுற்றி மிதக்கிறது. கண் விழித்தால் வலது மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும்.

பங்குனியில் பஸ்ஸைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது என்ஜின் திருப்பி உதைத்து உடைந்த கை அது. உலகச் சண்டை முடிந்து ஏழு வருஷம் ஆகியும் முதலாளி அந்தக் கிழட்டு பஸ்ஸை விடுவதாயில்லை. அதுவரை எப்போதாவது மனசு வைத்துச் சுற்றிய ஸ்டார்ட்டர் மோட்டார், கை உடைந்த பிறகு அடியோடு படுத்துவிட்டது. தினமும் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள், திட்டிக்கொண்டேதான்.

முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டார். "ஆடித்தவசுக்கு ஊரே திரண்டு வரும்வே. அதுக்குள்ள வண்டி சுவிட்சுலயே எடுக்கணும். இல்லன்னா வேற டிரைவரப் போடுதேன்."

பதினைந்து வருஷம் ஓட்டிய வண்டியை இன்னொருத்தன் தொடுவதா? கருத்தப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. கடையநல்லூருக்கு ஆள் அனுப்பி மெக்கானிக் முகம்மது ஹுசைனை வரவழைத்தார்.

ராத்திரியெல்லாம் பஸ் நிற்கும் இடம் கருத்தப்பாண்டி வீட்டு வேப்பமரத்தடிதான். அங்கேயே மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் வைத்து ஹுசைன் பிரித்தார். ஆடிக் காற்று. தெருவில் தறிச் சத்தம். அந்தச் சத்தமே என்ஜின் சத்தமாகி, கண்ணயர்ந்த கருத்தப்பாண்டியின் பஸ் மறுபடி கோபுரத்தடியில் கிளம்பிவிட்டது.

"அண்ணாச்சி, எந்திரிங்க. இங்கன பாருங்க."

ஹுசைனின் உள்ளங்கையில் செம்மண் பொடி.

"கார்பன் கட்ட தேஞ்சிருக்கு, புஷ் தேஞ்சிருக்கு. கிழட்டு மோட்டாரு, அது சரி. மேல மூடுத தகடு தொலஞ்சு போச்சு, அதுவும் சரி. ஆனா இம்புட்டு மண்ணு எப்படி உள்ள போச்சு? வெளிப்பக்கம் குழச்சு அப்புன மாதிரில்லா இருக்கு!"

கருத்தப்பாண்டி ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தார். கோவில் புற்றுமண். அட கடவுளே!

ஊரில் யாருக்கு எந்த நோவு வந்தாலும் முதல் மருந்து அதுதானே. கை உடைந்த அன்று மனைவி பூமாரி அதைக் குழைத்து எடுத்து வந்தாள். "மண்ணப் பூசுனா எலும்பு கூடுமாட்டி?" என்று வள்ளென்று விழுந்து தட்டிவிட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவேயில்லை. அவர் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் பஸ் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். கோலம் போட்டிருப்பாள் என்று இவர் நினைத்திருந்தார்.

"கெடுத்தாளே, பாவி மக! நாலு மாசம் ஊரையே தள்ள வச்சாளே!" என்று மனசுக்குள் பொருமிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் தன் கோணல் மணிக்கட்டைப் பார்த்தார். இந்தக் கையைத் தொட விடாததால்தானே அவள், ஹேண்டில் சுற்றவிடாமல் இந்தக் கையைக் காப்பாற்றும் மோட்டாருக்குப் பூசினாள்? அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு வேல அண்ணாச்சி இது?"

"யாருமில்ல. ரோட்டுப் புழுதிதான்."

ஹுசைன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோலில் கழுவினார், செம்பு வளையத்தை உப்புத்தாளால் மினுக்கினார், புதுக் கார்பன் கட்டையை ராவி உட்கார்த்தினார், பித்தளை புஷ்ஷைத் தட்டி இறக்கினார். கடைசியில் பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி மூடி போட்டார். சாயங்காலம் கருத்தப்பாண்டி சுவிட்சை மிதித்தார். ஒரே மிதி. பஸ் மிதக்கவில்லை, கடகடவென்று ஆடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடியற்காலை அவர் குளிக்கப் போகாமல் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றார். பூமாரி சிரட்டையில் மண்ணோடு வந்து பானட்டைத் தூக்கினாள். இவரைக் கண்டதும் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அதுக்குச் சரியாப் போச்சுட்டி," என்று வலது கையை நீட்டினார். "இதுக்குத்தான் இன்னும் நோவுது."

"வேண்டாம்னீகளே?"

"ஒரு கிறுக்கன் சொன்னான். நீ பூசு."

அவள் சிரட்டையிலிருந்து வழித்துப் பூசினாள். ஈரமண் ஜில்லென்று ஒட்டியது. அன்றைக்கு முதல் டிரிப் கால்மணி நேரம் தாமதம். பயணிகள் எவ்வளவு கத்தியும், மண் காயட்டும் என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.