வலது கை முஷ்டியால்

"முஷ்டிய மடக்கிக் காட்டுங்க" என்றேன். மீன் கடை நடத்தும் பியோ ஓக்-புன் வலது கையை மேசைமேல் வைத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. நடுவிலிருந்த மூன்று விரல்களை மீன் வெட்டும் இயந்திரம் எப்போதோ கொண்டுபோயிருந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்கொரியாவின் மோக்போ நகர நீதிமன்றத்தில் வசதியில்லாதவர்களுக்கு அரசு அமர்த்தும் வக்கீல் நான். என்னிடம் வரும் அடிதடி வழக்குகளில் எல்லாம் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: 'வலது கை முஷ்டியால் இடது கன்னத்தில் ஒருமுறை தாக்கினார்.' அச்சு மாதிரி அது. பெயரை மட்டும் மாற்றுவார்கள். மீன் சந்தை மேற்பார்வையாளர் குக் சாங்-மோவை இந்த அம்மாள் அடித்ததாகச் சொல்லும் வழக்கிலும் போலீஸ் அதையே எழுத, நீதிமன்றம் யாரையும் விசாரிக்காமல் தாளை மட்டும் பார்த்து அபராதமும் போட்டுவிட்டது. ஓக்-புன் கட்ட மறுத்து விசாரணை கேட்டிருந்தார்.

"அம்மா, ஜெயிச்சாச்சு! இந்தக் கையால அடிச்சிருக்கவே முடியாது."

"அடிக்கலன்னு யாரு சொன்னா? இடது கையால விட்டேன். தொப்பி பறந்துச்சு அவனுக்கு."

"ஐயோ, மெதுவா! அப்ப எதுக்கு விசாரணை கேட்டீங்க?"

"ஏன் அடிச்சேன்னு அந்தத் தாள்ல எங்கயாவது இருக்கா? என் கடையில வேலை பாக்குற வியட்நாம் பொண்ணு ஹோவாவ ஐஸ் ரூமுக்குள்ள இழுத்தான். ஸ்டேஷன்ல சொன்னா, 'ஒத்துக்கிறீங்களா இல்லையா, ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க பாட்டி'ங்கிறான் போலீஸ்காரன். பாட்டியாம்!"

விசாரணை அன்று நான் பொய் சொல்லவில்லை. எழுதியிருக்கும் விதத்தில் அது நடந்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். ஓக்-புன் கையைத் தூக்கிக் காட்டியதும் கூடம் சலசலத்தது. அரசு வழக்கறிஞர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவகாசம் வேண்டும் என்றார். விடுதலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஓக்-புன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "ஏன்னு இன்னும் யாரும் கேக்கலையே."

"வாயத் திறந்தா எல்லாம் போச்சும்மா."

"போகட்டும்." எழுந்துவிட்டார். "ஜட்ஜம்மா, நான் அடிச்சேன். இடது கையால."

அடுத்த வழக்கின் கட்டை எடுக்கப்போன நீதிபதி கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, முதன்முறையாக ஓக்-புன்னின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அடிச்சீங்க?"

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததேயில்லை. தட்டச்சு செய்பவரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. ஓக்-புன் வாயைத் திறக்குமுன் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கடைசி வரிசையில், சந்தையிலிருந்து அப்படியே வந்த ரப்பர் பூட்ஸுடன், சட்டைக் கையில் மீன் செதில்கள் மினுங்க, யாரும் அழைக்காமலேயே ஹோவா எழுந்து நின்றாள்.