மேளாவுக்கு வந்த சந்திரம்மா

பெங்களூரின் வடக்கு ஓரத்தில் விவசாய மேளாவின் இரண்டாம் நாள். மைதானம் முழுக்கத் தூசியும் ஒலிபெருக்கிச் சத்தமும். பயிர் நோய் ஆலோசனை ஸ்டாலில் உட்கார்ந்திருந்த ஜோவிதா, லிங்கராஜபுரத்துக்காரி, பூச்சியியல் படித்தவள்.

"அடுத்த வருஷம் இந்த ஸ்டால் எதுக்கும்மா? இலையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினா ஆப்பே பதில் சொல்லிடும்" என்று காலையில்தான் அதிகாரி சீனிவாசராகவன் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த சந்திரம்மா ஒரு தக்காளிக் கிளையை மேசைமேல் வைத்தாள்.

"விடிகாலையில மருந்தடிச்சிட்டுதான் பஸ் ஏறினேன் மேடம். புழு சாகவே மாட்டேங்குது."

தக்காளியைத் துளைக்கும் ஊசிப்புழு. சொல்ல நிமிர்ந்த ஜோவிதா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சந்திரம்மாவின் கண்மணிகள் குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தன. கடைவாயில் எச்சில் வழிந்தது. நவம்பர்க் குளிரிலும் ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அக்கா, இந்தச் சேலையோடதான் அடிச்சீங்களா?"

"ஆமா... கண்ணு மங்கலா இருக்கு மேடம்..." என்றபடியே அவள் சரிந்தாள்.

 பூச்சி மருந்தின் விஷம் உடம்பில் ஏறுவதை ஜோவிதா பாடத்தில் படித்திருக்கிறாளே தவிர, கண்ணால் கண்டதில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து ஸ்டால் பெண்கள் படுதாவால் மறைத்துக்கொள்ள, கையுறை மாட்டிக்கொண்டு சேலையைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவினாள். அப்போது சந்திரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சுனிதா... என் நாத்தனார். அவளும் என்கூட மருந்தடிச்சா. வீட்ல ஒண்டியா இருக்கா."

 ஜோவிதா சந்திரம்மாவின் போனிலிருந்தே சுனிதாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மூன்றாம் முறையும் யாரும் எடுக்கவில்லை. சுனிதாவின் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மியை அதே போனில் பிடித்து, "ஓடிப் போய்ப் பாருங்க, பேசிட்டே போங்க" என்றாள். செருப்புச் சத்தம், கதவு தட்டும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஜோவிதா மாதாவை வேண்டிக்கொண்டாள்.

"ஐயோ! மாட்டுக் கொட்டகையில விழுந்து கெடக்கா! மூச்சு இருக்கு மேடம்!"

இரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் சுனிதாவைப் பார்த்த மாலூர் டாக்டர்.

விஷயத்தைக் கேட்ட சீனிவாசராகவன் ஸ்டாலுக்கு ஓடி வந்தார். "ஆப்புல இன்னிக்கு எத்தனை ஃபோட்டோ வந்திருக்கு சார்?" என்று கேட்டாள் ஜோவிதா.

"நானூறு இருக்கும்."

நானூறு இலைகள். அனுப்பியவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. அவள் அவர்களின் போன் எண்களை வாங்கி, மருந்தடித்தவர் யாருக்கும் மயக்கம் இல்லையே என்று கேட்க ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினாள். முதல் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.