ஊசிக் குழாய்களில் பஞ்சு

சிறிய குழாய்களின் வாயில் பஞ்சு இருந்தது.

பல்லில் கடித்திருந்த டார்ச்சை அவள் கையில் எடுத்தாள். ஆலயத்து ஆர்கனின் உள்ளறையில் ஒருவர் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். பெரிய குழாய்கள் சுவரை ஒட்டி நின்றன. முன்னால் பென்சில் பருமனில் இருந்தது ஊசி வரிசை. அதை ஒலிக்கவைக்கும் இழுப்புக் குமிழில் வேறு பெயர் பொறித்திருந்தது. பாடகர் குழுவில் எல்லோரும் ஊசி என்றுதான் சொன்னார்கள். அந்தக் குமிழை இழுத்துவிட்டு வாசித்தால் பாமாலையின் மெட்டு மற்றச் சத்தத்துக்கெல்லாம் மேலே தனியாகத் தெரியும். சபையார் எந்தப் பாட்டு என்று பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

உச்சிக் குழாய்களில் மட்டும் பஞ்சு. எல்லாம் ஒரே அளவு. உருட்டி அடைத்திருந்தது.

புதன்கிழமை கொழுந்தன் இந்த அறையிலிருந்து முட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஆர்கனைப் பழுது பார்ப்பவன் அவன்தான். வருவதும் போவதும் புதிதல்ல. ஆனால் அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எலி, அண்ணி" என்றான்.

ஹேர்பின்னால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கைக்குட்டையில் கட்டினாள்.

நாளை ஆராதனைக்கு அவளே எழுதிய முன்னிசை. ஒரு பழைய பாமாலை மெட்டு, முழுவதும் ஊசியில். மெட்டு கேட்காமல் போனால் பழி குழாயின்மேல் விழாது. வயதாகிவிட்டது என்பார்கள். பாஸ்டர் பக்குவமாக விலகச் சொல்வார். கொழுந்தனின் மகள் ஆர்கன் பரீட்சை தேறி வீட்டில் இருக்கிறாள். வாசிப்பவர் உட்காரும் அந்தப் பலகையில் அவளை உட்காரவைக்க வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

வீட்டில் கணவர் நாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டையை மேஜையில் அவிழ்த்தாள்.

"என்ன, தலையணை கிழிஞ்சிருச்சா?"

"உங்க தம்பி வேலை."

அவர் காலரைத் திருப்பிப் போட்டார். "அவன் காரணமில்லாம எதுவும் செய்ய மாட்டானே."

"எங்க இருந்துச்சுன்னு நீங்க கேக்கலையே."

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது.

"சட்டை" என்றாள்.

அவர் தூக்கினார். காலரில் பழுப்பு விழுந்திருந்தது.

"அவன்கிட்டயே கேளேன்மா."

"கேக்கத்தான் போறேன். உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக் கேட்டா ஒரே ராகம்தான் வரும்."

மத்தியானம், ஆலயத்தில் அவள் காத்திருந்த ஆர்கன் மாடத்துக்குக் கொழுந்தன் பையோடு ஏறி வந்தான்.

"கூப்பிட்டீங்களாமே, அண்ணி."

"எலி பஞ்சு உருட்டுமா தம்பி?"

அவன் கைக்குட்டையைப் பார்த்தான். பையைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"உனக்குக் கொஞ்சம் விட்டு வைக்கணுமா? எப்ப வச்ச?"

"மழைக்கு முன்னாடி."

மழை நின்று, சுவர் காய்ந்து, ஆலயத்துக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அதற்குள் எத்தனையோ ஞாயிறு. எல்லா ஞாயிறும் ஊசியை இழுத்திருக்கிறாள்.

"பொய். புதன்கிழமைதான் வச்ச."

"புதன்கிழமை ரெண்டு உதிர்ந்திருந்துச்சு. திரும்ப வச்சேன்." குரலைத் தாழ்த்தினான். "முந்தி மெட்டுக்கு மட்டும் ஊசி போடுவீங்க. இப்ப ஆமென் வரைக்கும் போடுறீங்க. பஞ்சு வைக்கிறதுக்கு முன்னாடி முன்வரிசையில பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு இருந்துச்சுங்க."

"நான் பாக்கலையே."

"நீங்க முதுகைக் காட்டி உக்காந்திருக்கீங்க."

"ஊசி இல்லாட்டி மந்தமா இருக்கு. போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி."

"உங்களுக்கு, அண்ணி."

அவள் ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டாரைப் போட்டாள். ஊசிக் குமிழை மட்டும் இழுத்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக்கொண்டு போனாள். முதலில் தெளிவாக இருந்தது. போகப்போக நூலாக மெலிந்தது. பிறகு கட்டை இறங்கும் டொக் என்ற சத்தம் மட்டும். கடைசிக் கட்டை வரைக்கும் டொக், டொக்.

"உள்ள எதையோ கழட்டி விட்டிருக்க."

"போய்ப் பாருங்க."

"நீ உக்காரு. கடைசிக் கட்டை. நான் சொல்லும்போது."

அவன் பலகையில் உட்கார்ந்ததை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளறைக்குள் நுழைந்தாள். ஆகச் சிறிய குழாயின் வாய்க்கு எதிரே விரலை வைத்தாள்.

"அமுக்கு."

ஒன்றும் கேட்கவில்லை.

"அமுக்குன்னு சொன்னேன்."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

விரல் நுனியில் காற்று பட்டது. மெல்லியது, குளிர்ந்தது.

"விடு."

நின்றது.

"அமுக்கு."

மறுபடியும் வந்தது. அவள் காதை அருகில் கொண்டுபோனாள். காது மடலில் காற்று பட்டது.

குழாய்களின் இடுக்கு வழியாக அவன் தெரிந்தான். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தான். கண்ணை இறுக்கி, ஒரு தோளை உயர்த்திக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். இன்னொரு கை கட்டையை விடவில்லை.

"போதும்" என்றாள்.

வெளியே வந்து மோட்டாரை நிறுத்தினாள். அவன் பலகையிலிருந்து எழுந்துவிட்டிருந்தான்.

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"உங்க அண்ணனுக்கு?"

அவன் பையின் வாரைச் சரிசெய்தான்.

"சரி. உன் பொண்ணுக்கு?"

"அவதான் முதல்ல கேட்டா. பெரியம்மாவுக்கு மேல் சுரம் கேக்கலையோன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"ஆர்கன் படிச்ச பொண்ணு. அப்பன் கையில சாவி. ஒண்ணுமில்ல?"

"அந்த நெனப்பு இருந்திருந்தா பஞ்சு ஏன் வைக்கிறேன்? அப்படியே விட்டிருப்பேன். பாஸ்டரே உங்களைப் பலகையில இருந்து எழுப்பி விட்டிருப்பாரு."

அது நியாயமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் நியாயம் வந்தது அவளுக்கு உறுத்தியது. எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தானோ.

"ஊசியைக் கழட்டிடு" என்றாள். "குமிழை இழுத்தாலும் வரக் கூடாது."

"கேப்பாங்களே."

"எலின்னு சொல்லு. உனக்குத்தான் நல்லா வருதே."

அன்று சாயங்காலம் வீட்டில் முன்னிசையைத் திருத்தி எழுதினாள். மெட்டை வலது கையிலிருந்து பிடுங்கி இடது கைக்குக் கொடுத்தாள். கட்டைகளின் நடுப்பகுதி. அங்கே அவளுக்கு ஒவ்வொரு சுரமும் கேட்கும். வலது கை மேலே துணைக்குப் போனது, தாழ்ந்தே. கணவர் கதவருகே வந்து நின்று, திரும்பிப் போனார்.

ஞாயிறு ஆராதனையில் மெட்டு தொடங்கியதும் சபையார் வழக்கம்போல் அதை மேல் சுரங்களில் தேடினார்கள். அவளுக்கு முதுகில் தெரிந்தது. இரண்டாம் அடியில் கண்டுபிடித்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட, எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு சரியாகத் தொடங்கியது. பாடகர் குழுவில் கொழுந்தனின் மகள் மட்டும் புத்தகத்தைப் பார்க்காமல் ஆர்கன் பக்கம் பார்த்தாள். என்ன பார்வை என்று சொல்ல முடியவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் படியிறங்கி வந்தாள். வாசலில் பாஸ்டர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். கொழுந்தன் அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னான். பாஸ்டர் தலையாட்டினார். எலியாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

முன்வரிசையில் உட்காரும் தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னைக்கு வாசிச்சது அவ்வளவு இதமா இருந்துச்சு. இவ்வளவு நாள் இப்படிக் கேட்டதே இல்ல."

"யாரு சொல்லச் சொன்னா?"

"ஐயோ, என்னக்கா நீங்க!" தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் தையல்காரியின் கையை விடவில்லை. சிரித்து முடித்துப் பதில் சொல்லட்டும் என்று நின்றாள்.