எது கம்மியா அழிக்கும்?

"இதுல எதும்மா கம்மியா அழிக்கும்?" என்று மாமியார் கேட்டபோது, சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏழு வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிறேன். எது நன்றாக அழிக்கும், எது கண்ணை எரிக்காது என்று கேட்காத ஆள் கிடையாது. கம்மியாக அழிப்பது எது என்று கேட்ட முதல் மனுஷி இவர்தான்.

மேஜைமேல் இரண்டு புட்டிகள். இரண்டுமே மைசெல்லர் வாட்டர். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் மேக்கப்பைக் கழற்றிக்கொண்டு வரும் தண்ணீர். ஒன்று மருந்துக்கடையில் எல்லோரும் வாங்குகிற பெரிய புட்டி. இன்னொன்று அதைப்போல் ஆறு மடங்கு விலை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மணப்பெண்களின் கண்ணுக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் பவுடருக்கும் லிப்ஸ்டிக்குக்கும் மலிவானதே போதும், காசைக் கரியாக்க வேண்டியதில்லை. வியர்வைக்கும் குளியலுக்கும் அசையாத மை, பென்சில் என்று வரும்போதுதான் சாயம் வெளுக்கும். அத்தையின் புறங்கையில் மஸ்காராவால் இரண்டு கோடு இழுத்துக் காட்டினேன். விலை கூடியதைப் பத்து எண்ணும்வரை வைத்து ஒரே இழுப்பு, கோடு போன இடம் தெரியவில்லை. மலிவானதை வைத்து ஐந்து தரம் தேய்த்தும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் அப்படியே நின்றது.

"அப்ப இதே போதும்" என்று அத்தை பெரிய புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

அப்போது எட்டரை மணி. ஒன்பதே காலுக்குக் கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இடது கண்ணில் புரை, இன்றைக்கு ஆபரேஷன். ஒரு முறை சளி என்றும், ஒரு முறை தலைசுற்றல் என்றும் இரண்டு தேதிகளைத் தள்ளிப்போட்டாயிற்று. போன வாரம் கடைசிப் படி தெரியாமல் காலை வைத்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். இனியும் தள்ளினால் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையிலிருந்து அத்தைக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பையைத் திறப்பார், மூடுவார், ஜன்னலுக்குப் போவார், கூப்பிட்டால் காதில் வாங்கமாட்டார். பதினொரு மணிக்கு எனக்காக ஒரு கல்யாணப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு காத்திருப்பாள். எனக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"நர்ஸ் போன்ல சொன்னது கேட்டுச்சுல்ல அத்தை? பஞ்சுல துடைச்சுப் பாப்பாங்களாம். கறை ஒட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. கொஞ்சூண்டு பவுடர்தானே, கழுவிட்டு வாங்களேன்."

அத்தை எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டார்.

"பவுடர் இல்ல. புருவம்."

"எந்தப் புருவம்?"

"ரெண்டும்தான்."

அடக் கடவுளே! இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஊரார் புருவத்தை எல்லாம் வரைந்து சம்பாதிக்கிறவள், சொந்த மாமியாரின் புருவத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முடி முடியாகக் கீறி, நடுவில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே வளைத்துவிட்டிருந்தார். என் கைக்கே அப்படி வராது.

"உன் புருஷன் பொறந்தப்ப கொட்டினது. திரும்ப வரவேயில்ல. மாமா அப்ப வெளியூர்ல வேலை. அவர் வர்றதுக்குள்ள கத்துக்கிட்டேன். முப்பத்தொரு வருஷமா அவருக்கு முன்னாடி எந்திரிச்சிடறேன். காய்ச்சல்லகூட."

"மாமாதானே, பாத்தா என்ன ஆயிடப் போகுது?"

"உனக்கென்னம்மா, சொல்லிடுவே."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"லேசா நிழல் மாதிரி நின்னா போதும்" என்றார், கெஞ்சுகிற குரலில். "நர்சுக்குத் தெரியாது."

"பஞ்சு காட்டிக்குடுத்துடும் அத்தை. அப்புறம் இன்னொரு தேதி. அதுக்குள்ள இன்னொரு படி."

வெளியே மாமா கதவைத் தட்டினார். "ஆச்சா? வண்டி வந்து நிக்குது!"

அத்தை கையிலிருந்த பெரிய புட்டியை வைத்துவிட்டுச் சின்னதை என் பக்கம் தள்ளினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பஞ்சை நனைத்துப் புருவத்தின்மேல் வைத்துப் பத்து எண்ணினேன். ஒரே இழுப்பு. பிறகு அடுத்தது. இரண்டு புருவங்களும் கலையாமல் பஞ்சுக்கு வந்துவிட்டன. அத்தை கண்ணாடி கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன். மாமா ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? பயமா? கால் மணி நேர வேலைதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. செருப்பைப் போடு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. திரும்பி அத்தையைப் பார்த்தால் அவர் முகம் ஜிவுஜிவுவென்று சிவந்திருந்தது.

"முப்பத்தொரு வருஷம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வண்டியில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர்கள் இருவரும் பின்னால். கல்யாணப் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது, நான் எடுக்கவில்லை. அத்தை முந்தானையை நெற்றிவரை இழுத்துவிடுவதும் தள்ளிவிடுவதுமாக இருந்தார். மாமா பரிசோதனைத் தாள்களை ஒன்றொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"என்னை ஒரு நிமிஷம் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் மாமா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல. பாருங்க."

அந்தக் குரலுக்கு டிரைவரே வேகத்தைக் குறைத்தார். மாமா ஃபைலை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அத்தை பக்கம் முழுசாகத் திரும்பினார்.