ஓடைக்கு நான் எழுதிய சம்மதம்

அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தவர்கள்: தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் தோட்டத் தலைவர் கணபதி. ஒரே நாற்காலியில் மின்நிலையக் கம்பனி அதிகாரி ஷிராஸ். சாக்குகளின் மேல் விஜயலெட்சுமியும் கொழுந்தெடுக்கும் பெண்கள் பதினொரு பேரும். வாசலில் நின்றபடி, நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஜெயரூபன். தோட்ட மக்களுக்காகக் கடிதம் எழுதும் கஜேந்திரனாகிய நான் தரையில்.

ஷிராஸ் மரியாதையாகத்தான் பேசினார். எண்ணெய் எரிக்காமல் ஓடையிலும் வெயிலிலும் கரண்ட் எடுப்பது அரசாங்கக் கொள்கையாம். சிறிய நீர்மின் நிலையங்களுக்கு மாகாணத்தில் அனுமதி சுருக்காகக் கிடைக்கிறதாம். "உங்க ஓடையை எடுத்துக்கச் சொல்லி சம்மதக் கடிதம் போன வாரமே வந்திருச்சு. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"யாரு சம்மதிச்சா?" என்றான் ஜெயரூபன்.

ஷிராஸ் வாசித்தார்: "தோட்ட மக்கள் அனைவரும் ஏகமனதாக..."

என் கையெழுத்து. ரோட்டுக்கோ கக்கூசுக்கோ எழுதினாலும் நான் அப்படித்தான் தொடங்குவேன். பள்ளிக்கூடத்தில் பழகிய முறை. கணபதி சொல்லச் சொல்ல எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

"ஓடையைக் குழாய்க்குத் திருப்பிட்டா லயத்துல எதைக் குடிக்கிறது?" என்றான் ஜெயரூபன்.

"நமக்கும் விடச் சொல்லிப் பேசிட்டேன்டா," என்றார் கணபதி.

"தலைவரு பேசுனதுல அவரு வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வந்திருச்சு," என்றாள் விஜயலெட்சுமி. பெண்கள் சிரித்தார்கள்.

ஜெயரூபன் வெற்றிலையில் கற்பூரம் கொளுத்திக் கணபதி முன்னால் வைத்தான். "தண்ணி விடுறதா எழுத்துல வாங்கியிருக்கேன்னு அடிச்சு அணைங்க தலைவரே. நான் போயிடுறேன்."

எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்து பொய் சொல்ல எங்கள் தோட்டத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. கணபதியின் கை தராசுக்குப் பின்னால் போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தது. ஜெயரூபன் கையால் முகத்தை மறைத்தான். அவன் வலக்கை விரல்கள் இரண்டு சாக்கில் விழுந்தன. அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. விஜயலெட்சுமி எடைக்கல்லால் கணபதியின் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரைப் பெண்கள் மிதித்தார்கள். பல்லும் ரத்தமும் தரையில் கிடந்தன. ஷிராஸ் ஓடிவிட்டார். நான் என் சட்டையைக் கிழித்து ஜெயரூபனின் கையைக் கட்டினேன்.

மறுநாள் பதுளை ஆஸ்பத்திரியில் கணபதி என்னைக் கூப்பிட்டார். "கவ்வாத்து வெட்டும்போது கை தவறிடுச்சுன்னு எழுது. இல்லன்னா அடுத்தது உன் கழுத்து."

அடுத்த வார்டில் ஜெயரூபன், "விரல் போனது போகட்டும். கடிதத்தைத் திருப்பி வாங்குண்ணே," என்றான்.

லயம் லயமாகப் போய் ஒவ்வொருவரையும் கேட்டேன். அறுபத்து நாலு பேர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்தார்கள். ஒன்பது பேர் மின்நிலையம் வரட்டும் என்றார்கள். அவர்கள் பெயரையும் எழுதினேன். முந்திய கடிதம் யாரையும் கேட்காமல் நான் எழுதியது என்றும், மடுவத்தில் யார் யாரை எதனால் வெட்டினார், அடித்தார் என்றும் எழுதினேன். ஜெயரூபன் இடது பெருவிரலை மையில் தோய்த்து அதன்கீழ் உருட்டினான்.

ஹாலிஎல தபால் கந்தோரில் கம்பனிக்குப் போகும் கவரை ஒட்டி, அனுப்புநர் இடத்தில் என் பெயரையும் லய இலக்கத்தையும் போட்டேன். பதிவுத் தபால். எழுதுவினைஞர் முத்திரை குத்திப் பையில் போட்டார்.